பரிசோதனைக் கூடத்தின் உயரமும் கட்டடத்தின் பாதுகாப்பும்

1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஷெல்பி என்ற ஊரருகே இருந்த வில்கின்ஸ் விமானப்படைக் கிடங்கின் கான்கிரீட் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கூரை சுமந்துகொண்டிருந்தது தன் சொந்த எடையைத்தான். அதைத் தாங்கிய பீம்கள் ஏறத்தாழ 91 சென்டிமீட்டர் ஆழம் கொண்டவை. முறிந்த இடத்தில் நீளவாக்கில் ஓடும் கம்பிகள் இருந்தன. அவற்றைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பிகள் இல்லை. அன்றைய விதிப்படி அங்கே ரிங் தேவைப்படவும் இல்லை. பீமின் குறுக்கே செயல்படும் வெட்டு விசையைக் கான்கிரீட் தனியாகவே தாங்கிக்கொள்ளும் என்று கருதிய விதி, அதற்கு 0.62 மெகாபாஸ்கல் தகைவு வரை அனுமதி கொடுத்திருந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பீம் முறிந்ததோ 0.5 மெகாபாஸ்கலைக்கூட எட்டாத நிலையில். விதி அனுமதித்த எல்லைக்குள் இருந்தபடியே ஒரு கட்டடம் விழுந்துவிட்டது.

காரணம் தேடிய போர்ட்லண்ட் சிமெண்ட் சங்கத்தின் ஆய்வாளர்கள், அந்தப் பீமின் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிகளை வார்த்து முறித்துப் பார்த்தார்கள். 30 சென்டிமீட்டர் ஆழமே கொண்ட அந்த மாதிரிகள் ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல் தாங்கின. கிடங்கில் முறிந்த பீமைப்போல இருமடங்கு. அப்படியானால் கிடங்கில் வேறொரு விசையும் கூடியிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கான்கிரீட் உலர்ந்து சுருங்குவதாலும் வெப்பம் ஏறி இறங்குவதாலும் பீமுக்குள் நீளவாக்கில் ஓர் இழுவிசை உண்டாகியிருக்கலாம். மாதிரிகளை அவ்வாறு இழுத்துப் பிடித்துக்கொண்டு சுமை ஏற்றியபோது வலிமை பாதியாகக் குறைந்தது. கணக்கும் நிகழ்வும் ஒத்துப்போயின. அந்த விளக்கம் தவறில்லை. இழுவிசை உண்மையில் இருந்திருக்கும். ஆனால் மாதிரி அத்தனை வலுவாக இருந்ததற்கு அதன் சிறிய உருவமே காரணமாக இருக்கக்கூடும் என்ற கேள்வி அப்போது விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை. வராததற்கு எளிய காரணம் உண்டு. பெரிய பீமை முறித்துப் பார்த்து ஒப்பிட அன்று யாரிடமும் தரவு இல்லை.

பல்கலைக்கழகங்களில் இருக்கும் பெருமளவுக் கட்டமைப்புப் பரிசோதனைக் கூடங்களை, நிதி மிகுந்த நாடுகள் வைத்துக்கொள்ளும் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் பொறியாளர்களிடையேகூட இருக்கிறார்கள். கணினி எல்லாவற்றையும் காட்டிவிடும் காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோ கான்கிரீட்டை வார்த்து, மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரே நாளில் உடைத்துப் போடுவது எதற்கு என்பது அவர்கள் கேள்வி. என் வாதம் இதற்கு நேர் எதிரானது. கட்டுமான விதிகள் எந்த அளவு வரை உண்மை என்பதை, பரிசோதனைக் கூடத்தின் கூரை உயரமும் அதன் ஜாக்குகளின் திறனும்தான் பல பத்தாண்டுகளாகத் தீர்மானித்து வந்திருக்கின்றன. கூடம் சிறியதாக இருந்த காலமெல்லாம் விதியும் சிறிய பீம்களுக்கே உண்மையாக இருந்தது. பெரியவற்றுக்கு அது வெறும் அனுமானம். அந்த அனுமானம் தவறு என்று தெரியவந்தது, ஒரு பல்கலைக்கழகம் பிடிவாதமாகப் பெரிய பீம்களை உடைத்துப் பார்த்ததால்.

அந்தப் பல்கலைக்கழகம் கனடாவின் டொரொண்டோ. அங்கே பணியாற்றிய காஸ்பார் கானியின் பெயர் நம் ஊரில் சிவில் படித்தவர்களுக்குப் புதிதன்று. சட்டகங்களைக் கையால் கணக்கிடும் ‘கானி முறை’யைப் பல தலைமுறை மாணவர்கள் தேர்வுக்காக எழுதிப் பழகியிருக்கிறார்கள். அதே கானி 1967-இல் வெளியிட்ட ஆய்வில், நம்முடைய பெரிய பீம்கள் எவ்வளவு பாதுகாப்பானவை என்ற கேள்வியைத் தலைப்பிலேயே எழுப்பினார். கான்கிரீட்டின் தரத்தையும் கம்பியின் விகிதத்தையும் மாற்றாமல், ரிங் இல்லாத பீம்களின் ஆழத்தை மட்டும் 15 சென்டிமீட்டரிலிருந்து எட்டு மடங்காக, ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் வரை கூட்டிக்கொண்டே போனார். ஆழம் கூடக்கூட, முறியும் நேரத்துத் தகைவு தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தது. மொத்தச் சுமையில் பெரிய பீம்தான் அதிகம் தாங்கியது. ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டர் தாங்கும் பங்கு இறங்கிவிட்டது. அன்றைய விதிகளோ, ஆழம் இருமடங்கானால் வெட்டு வலிமையும் இருமடங்காகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. ஷெல்பி மாதிரிகளின் புதிருக்கு இப்போது இன்னொரு விடை கிடைத்திருந்தது.

இது ஏன் நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், மாதிரிகளை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்தும் புரியும். ரிங் இல்லாத பீமில் சாய்வாக ஒரு விரிசல் விழுந்த பிறகும் பீம் உடனே முறிவதில்லை. விரிசலின் இரு முகங்களும் கரடுமுரடானவை. உடைந்த கருப்பட்டியின் இரண்டு துண்டுகளைத் திரும்பப் பொருத்தினால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதுபோல, நீட்டிக்கொண்டிருக்கும் ஜல்லிகள் எதிர்முகத்தைக் கவ்விப் பிடித்து நழுவ விடாமல் தடுக்கின்றன. விரிசல் மெல்லியதாக இருக்கும் வரை இந்தப் பிடிப்பு உண்டு. அகலமானால் பிடி தளர்ந்துவிடும். பீம் ஆழமாக ஆக, விரிசல்களுக்கிடையே உள்ள இடைவெளி கூடுகிறது. எண்ணிக்கையில் குறைந்த விரிசல்கள் ஒவ்வொன்றும் அகலத்தில் பெருக்கின்றன. ஆனால் ஜல்லி பெருப்பதில்லை. 30 சென்டிமீட்டர் பீமிலும் 3 மீட்டர் தளத்திலும் போடுவது பெரும்பாலும் அதே 20 மில்லிமீட்டர் ஜல்லிதான். பீமைப் பத்து மடங்கு பெரிதாக்கியவர், அதைக் கவ்விப் பிடிக்கும் பற்களைப் பெரிதாக்கவில்லை. மாதிரியில் எல்லாவற்றையும் அளவு குறைத்துவிட்டோம் என்று நினைக்கும்போதும், உண்மையில் குறையாமல் நிற்கும் ஏதோ ஒன்று எப்போதும் உண்டு. அது எது என்பது பெரியதை உடைத்துப் பார்க்கும்வரை தெரிவதில்லை.

கலிலியோ 1638-இலேயே பெரிய உருவங்கள் சிறியவற்றின் வெறும் பெருக்கமாக இருக்க முடியாது என்று விளக்கிவிட்டார். ஆனால் அவர் சொன்னது எடை கன அளவிலும் வலிமை பரப்பளவிலும் வளர்வதைப் பற்றி. அதைப் பொறியாளர்கள் கணக்கில் சேர்த்தே வந்திருக்கிறார்கள். கானி காட்டியது அதற்கு மேல் இன்னொன்று: பொருளின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் அளவே உருவத்தோடு சேர்ந்து மாறுகிறது. வடிவியலிலிருந்து இதை ஊகிக்க முடியாது. முறித்துத்தான் அறிய முடியும்.

முறிப்பதற்கு என்ன வேண்டும் என்று பார்த்தால், தடை எங்கே என்பதும் விளங்கும். பெருமளவுக் கூடத்தின் உயிர் அதன் இயந்திரங்களில் மட்டும் இல்லை, தரையில் இருக்கிறது. ஒரு ஜாக் பீமைக் கீழே அழுத்தும்போது அதே விசையோடு தான் பற்றியிருக்கும் சட்டத்தை மேலே தள்ளுகிறது. அந்தச் சட்டத்தைப் பிடித்துவைக்க, சீரான இடைவெளியில் நங்கூரத் துளைகள் கொண்ட மிகத் தடிமனான கான்கிரீட் தரை வேண்டும். பக்கவாட்டில் தள்ள வேண்டுமானால் அந்தத் தரையிலிருந்தே எழும் எதிர்ச்சுவர் வேண்டும். சோதிக்கப்படும் பீமைவிடச் சோதிக்கும் தரையும் சுவரும் பல மடங்கு விறைப்பாக இருந்தால்தான், பதிவாகும் அசைவு பீமுடையதா சட்டத்துடையதா என்ற குழப்பம் வராது. கிரேன் எவ்வளவு தூக்கும், கதவு எவ்வளவு அகலம், கூரை எவ்வளவு உயரம் என்பவையெல்லாம் ஆய்வுக் கேள்வியின் எல்லைகளாகிவிடுகின்றன. சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கூடத்தில் எதிர்ச்சுவர் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். அதே பல்கலைக்கழகம் 2004-இல் நிலநடுக்க மேடையைத் திறந்தவெளியில் அமைத்தபோது கூரை என்ற எல்லையையே நீக்கிவிட்டது. அதனால்தான் 2023-இல் பத்து மாடி மரக் கட்டடம் ஒன்றை முழு உயரத்தில் எழுப்பி அங்கே குலுக்கிப் பார்க்க முடிந்தது. ரிங் இல்லாத கான்கிரீட் பீம்களில் உலகெங்கும் நடந்த வெட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், பெரும்பான்மை அரை மீட்டர் ஆழத்தைக்கூட எட்டாதவை. பொறியாளர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. பெரும்பாலான கூடங்களுக்குள் அதைவிடப் பெரியது நுழையவில்லை.

1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள், நிலத்தடி எரிவாயுத் தொட்டிகளின் தடித்த அடித்தளங்களுக்காக 3 மீட்டர் ஆழம் வரையிலான பீம்களைச் சோதித்தபோது கானி காட்டிய இறக்கம் அங்கும் நிற்காமல் தொடர்ந்தது. டொரொண்டோவில் இதற்கிடையே மைக்கேல் காலின்ஸும் ஃபிராங்க் வெக்கியோவும் வேறொரு வழியில் வந்து சேர்ந்தார்கள். பக்கம் 890 மில்லிமீட்டர், தடிமன் 70 மில்லிமீட்டர் உள்ள 30 கான்கிரீட் பலகைகளைத் தனியாக வடிவமைத்த கருவியில் பூட்டி, தூய வெட்டு விசையையும் பிற விசைகளையும் ஏற்றி, விரிசல் விழுந்த கான்கிரீட் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்தார்கள். 1986-இல் வெளியான அவர்களுடைய கோட்பாடு விரிசலின் அகலத்தையும் ஜல்லியின் அளவையும் கணக்கின் மையத்தில் வைத்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெனெக் பஜாந்த், முறிவு இயக்கவியலிலிருந்து தொடங்கி, விரிசல் பரவும்போது வெளியாகும் ஆற்றலைக் கொண்டு 1984-இல் இன்னொரு விதியைத் தந்திருந்தார். இரு தரப்பாரும் காரணத்தில் பல ஆண்டுகள் கடுமையாக முரண்பட்டார்கள். ஆனால் பெரிய பீம் பலவீனமானது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

இங்கேதான் பெரிய சோதனையின் தனித்த பயன் வெளிப்படுகிறது. 20, 30, 50 சென்டிமீட்டர் பீம்களில் பழைய விதியும் ஏறக்குறைய சரியாக வரும், புதிய கோட்பாடுகளும் சரியாக வரும். சோதனை முடிவுகளின் சிதறலுக்குள் எல்லாமே அடங்கிவிடும். எது உண்மைக்கு அருகில் என்று பிரித்தறிய, அவை ஒன்றையொன்று விட்டு விலகும் எல்லைக்குப் போக வேண்டும். டொரொண்டோ குழு அந்த எல்லைக்கே போனது. தடித்த ஸ்லாப் ஒன்றிலிருந்து ஒரு பட்டையை வெட்டியெடுத்ததுபோல, 4 மீட்டர் ஆழமும் 25 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 19 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பீமைக் கூடத்துக்குள் வார்த்தார்கள். அதன் சொந்த எடையே 45 டன்னுக்குக் குறையாது. முறிப்பதற்கு முன் உலகெங்கும் உள்ள பொறியாளர்களையும் ஆய்வாளர்களையும் அழைத்து, எவ்வளவு சுமையில் முறியும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். 66 கணிப்புகள் வந்தன. பீமின் ஒரு பக்கத்தில் ரிங் வைக்கவில்லை. அந்தப் பக்கம் 685 கிலோநியூட்டன் சுமையில், அதாவது ஏறத்தாழ 70 டன்னில் முறிந்தது. சொந்த எடையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அன்றைய அமெரிக்க விதி அந்தப் பீமுக்குத் தந்திருந்த வெட்டு வலிமையில் பாதியைக்கூட அது எட்டவில்லை. கணிப்புகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபட்டன. தொழிலில் அனுபவமுள்ளவர்கள் பலரும் உண்மையைவிட வெகு அதிகமாகவே எழுதியிருந்தார்கள். 2015-இல் இந்த முடிவுகள் வெளியாயின. 2019-இல் அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 318-ஆம் விதி, போதிய ரிங் இல்லாத உறுப்புகளுக்கு ஆழத்துக்கேற்ற குறைப்புக் காரணியைச் சேர்த்தது. 25 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்று எனத் தொடங்கும் அந்தக் காரணி, 4 மீட்டரை நெருங்கும்போது ஏறத்தாழ 0.35 ஆகிவிடுகிறது. கானியின் கேள்விக்கும் இந்தத் திருத்தத்துக்கும் இடையே 52 ஆண்டுகள். ஐரோப்பிய விதிகள் சில முன்பே ஆழத்தைக் கணக்கில் சேர்த்திருந்தன. கனடாவின் விதி 1994 முதலே டொரொண்டோக் கோட்பாட்டை ஏற்றிருந்தது. தாமதத்துக்கு ஒரே சோதனையைக் காரணமாகவோ தீர்வாகவோ காட்டுவது சரியல்ல. ஆனால் கண்முன் முறிந்து கிடக்கும் 4 மீட்டர் பீமைத் தரவுச் சிதறல் என்று தள்ளிவிட யாராலும் முடியாது.

இது கான்கிரீட்டுக்கு மட்டும் உரிய விந்தை என்று நினைக்க வேண்டாம். 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த நார்த்ரிட்ஜில் நிலநடுக்கம் வந்தபோது, எஃகுச் சட்டகக் கட்டடங்கள் இடியவில்லை. பிறகு பூச்சையும் பலகைகளையும் பெயர்த்துப் பார்த்தபோதுதான், நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் பீமும் தூணும் சேரும் வெல்டிங் இணைப்புகள் விரிசல் கண்டிருப்பது தெரிந்தது. எஃகு நெளிந்துகொடுத்து ஆற்றலை உறிஞ்சும் என்று நம்பப்பட்ட இணைப்புகள் அவை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்தவை 1970-ஐ ஒட்டி பெர்க்லியில் நடந்த நல்ல சோதனைகள். அவற்றில் பயன்பட்ட பீம்கள் 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழம் கொண்டவை. கட்டுமானத் தொழிலோ படிப்படியாக 90 சென்டிமீட்டர் பீம்களுக்குப் போய்விட்டது. வெல்டிங் முறையும் மாறியிருந்தது. சோதனை செய்தவர்கள் தவறவில்லை. சோதித்த அளவைத் தொழில் தாண்டிப் போனதை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாததுதான் தவறு. பிறகு பெர்க்லி, சான் டியேகோ, டெக்சாஸ், லீஹை, மிச்சிகன் எனப் பல பல்கலைக்கழகக் கூடங்களில் முழு அளவு இணைப்புகளை ஆட்டி முறித்துத்தான் புதிய வழிகாட்டு நெறிகள் உருவாயின.

இதற்கெல்லாம் கணினி போதாதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டவாங்கர் அருகே ஒரு கடற்கழியில், ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனைக்காக நீரில் இறக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. உயிரிழப்பு இல்லை, இழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர். அதன் ஒரு சுவருக்கான வெட்டு விசையைக் கணினிப் பகுப்பாய்வு ஏறத்தாழ 47 விழுக்காடு குறைத்துக் காட்டியிருந்தது. அங்கே வைத்த கம்பியின் அமைப்பும் போதவில்லை. கணினி தவறு செய்யும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இன்று அதே சுவரை நுணுக்கமாகப் பகுத்தால் சரியான விசை கிடைத்துவிடும். அடுத்த கேள்விதான் கடினமானது: அந்த விசையைச் சுவர் தாங்குமா? மென்பொருளுக்குள் விரிசல் விழுந்த கான்கிரீட்டின் நடத்தை ஒரு சமன்பாடாக இருக்கிறது; அந்தச் சமன்பாடு எங்கோ ஒரு கூடத்தில் பலகைகளை முறித்து எழுதப்பட்டது. முறித்துப் பார்த்த எல்லைக்குள் மென்பொருள் நம் அறிவை வேகமாகவும் துல்லியமாகவும் பயன்படுத்துகிறது. எல்லைக்கு வெளியே அதே வேகத்தில் ஊகத்தைத் துல்லியமான எண்களாக அச்சடித்துத் தருகிறது. 66 கணிப்புகளை அனுப்பியவர்களுக்கும் கணினிகள் இருந்தன.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஒரே ஒரு பெரிய பீமை உடைத்து எதையும் நிறுவ முடியாது. கான்கிரீட்டின் வலிமை வார்ப்புக்கு வார்ப்பு மாறும். அதே செலவில் நூறு சிறிய பீம்களை உடைத்தால் புள்ளியியல் நம்பகம் கிடைக்கும் என்பார்கள். நூறு சிறிய பீம்கள் சிறிய பீம்களைப் பற்றித்தான் நூறு முறை சொல்லும் என்பது இதற்கான பதிலில் ஒரு பாதி. மறுபாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டொரொண்டோவின் கோட்பாடே ஒரு மீட்டருக்கும் குறைவான பலகைகளிலிருந்து பிறந்தது. சிறிய சோதனைகள் இல்லாமல் பெரியதைப் புரிந்துகொள்ள முடிந்திருக்காது. 4 மீட்டர் பீம் தனியாக எதையும் நிறுவவில்லை. 15 சென்டிமீட்டரில் தொடங்கிய ஒரு கோடு எங்கே போகிறது என்று காட்டியது. சிறியவை பல, நடுத்தரமானவை சில, மிகப் பெரியது ஒன்று என்ற அந்த வரிசைதான் அறிவு. வரிசையின் கடைசிப் புள்ளி இல்லாவிட்டால், கோடு கிடையாகப் போகிறதா சரிகிறதா என்பது வாதமாகவே நின்றுவிடும்.

இன்னொரு கேள்வியைப் பொதுவாசகர்களே கேட்பார்கள். விதி இவ்வளவு தவறாக இருந்தால் ஏன் எங்கும் கட்டடங்கள் விழுந்துகொண்டிருக்கவில்லை? பெரும்பாலான பீம்களில் ரிங் உண்டு, இருந்தால் விரிசல் அகலமாவது கட்டுப்பட்டு இந்த இறக்கம் பெருமளவு மறைந்துவிடும் என்பது முதல் பதில். கணக்கிட்ட முழுச் சுமை பல கட்டடங்களில் வருவதே இல்லை, பாதுகாப்புக் காரணிகள் மிச்சத்தைச் சுமக்கின்றன என்பது அடுத்தது. கவலைக்குரிய இடம், ரிங் இல்லாமல் வார்க்கும் தடித்த ஸ்லாப்கள். கனடாவின் லவால் நகரில் 1970-இல் கட்டிய டி லா கான்கார்ட் மேம்பாலம் அத்தகையது. ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனுள்ள அதன் கான்டிலீவர் ஸ்லாபில் வெட்டு விசைக்கான கம்பி இல்லை. 36 ஆண்டுகள் நின்ற பாலம் 2006 செப்டம்பர் 30, சனிக்கிழமையன்று இடிந்து விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். பியேர் மார்க் ஜான்சன் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் கம்பி அமைப்பின் வடிவமைப்புக் குறை, வைத்த இடத்தில் தவறு, கான்கிரீட்டின் தரக்குறைவு ஆகியவற்றை முதன்மைக் காரணங்களாகக் கண்டது. தடிமன் மட்டுமே காரணம் என்று சொல்வது ஆணையத்தின் முடிவைத் திரிப்பதாகும். ஆனால் அத்தனை குறைகளையும் பொறுத்துக்கொள்ளும் மிச்ச வலிமை அந்த ஸ்லாபுக்கு இருக்கும் என்று 1970-இன் விதி நம்பியிருந்தது. இல்லாத ஒரு சேமிப்பை இருப்பதாகக் கணக்கெழுதியிருந்தோம். வெட்டு முறிவு எச்சரிக்கை தராமல் வருவது. வளைந்து, தொங்கி, விரிசல் காட்டி மக்களை வெளியேற்ற நேரம் கொடுக்கும் முறிவு இல்லை. அதனால் இதுவரை விழவில்லையே என்பது இங்கே ஆறுதலாக முடியாது.

இதைத் தொழில்நிறுவனங்களும் செய்யலாமே, பல்கலைக்கழகம் எதற்கு? 3 மீட்டர் பீமை உடைத்தவர்களில் நிறுவன ஆய்வாளர்கள் இருந்தார்கள். ஷெல்பி மாதிரிகளை ஆராய்ந்தது சிமெண்ட் தொழில்துறைச் சங்கத்தின் கூடம். இரண்டும் நேர்மையான வேலைகள். ஆனால் நிறுவனத்தின் கேள்வி அதன் அடுத்த திட்டத்தோடு முடிந்துவிடும். 1967-இல் எழுந்த ஒரு கேள்வியை ஒரே வளாகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி 2015 வரை கொண்டுவர, பணியிலிருந்து விலகும் பேராசிரியரின் இடத்தில் அடுத்தவர் வந்து நிற்கும் அமைப்பு வேண்டும். முடிவை முன்கூட்டியே அறியாமல் ஊரறியக் கணிப்புக் கேட்கும் துணிவும் பல்கலைக்கழகத்துக்கே எளிது. விற்பதற்கு ஒன்றும் இல்லாதவர்தான் தன் கோட்பாட்டை அப்படிப் பணயம் வைக்க முடியும். சான் டியேகோவில் ஏழு மாடிச் சுவர்க் கட்டடத்தையும் முழு அளவுப் பாலத் தூணையும் குலுக்குமுன் இதேபோல் கணிப்புப் போட்டிகள் நடந்தன. இவற்றில் உதவியாக நின்று கம்பி கட்டி, அளவுமானி ஒட்டி, முறிவைப் பார்த்த மாணவர்கள் பின்னாளில் விதிக்குழுக்களில் அமரும்போது, ஒரு எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர்களாக அமர்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. கட்டடங்களுக்கான ஐ.எஸ். 456 விதியின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கான்கிரீட்டின் தரத்தையும் கம்பியின் விழுக்காட்டையும் வைத்து வெட்டு வலிமையைத் தருகிறது. ஸ்லாப்களுக்கு மட்டும் தடிமனைப் பொறுத்த ஒரு காரணி அதில் உண்டு: 15 சென்டிமீட்டரும் அதற்குக் குறைவும் என்றால் 1.30, 30 சென்டிமீட்டரில் அது 1.00. அதற்கு மேல் எவ்வளவு தடிமன் ஆனாலும் 1.00-தான். மெல்லிய ஸ்லாப் வலிமையானது என்பதை ஏற்றுச் சலுகை கொடுக்கும் விதி, அதே காரணத்தால் தடித்த ஸ்லாப் பலவீனமானது என்ற மறுபாதியைச் சொல்லாமல் விடுகிறது. பாலங்களுக்கான ஐ.ஆர்.சி. 112, ஐரோப்பிய முறையைத் தழுவி, ஆழத்துக்கேற்றுத் தொடர்ந்து குறையும் காரணியை வைத்திருக்கிறது. ஒரே கான்கிரீட், ஒரே ஜல்லி, ஒரே தடிமன். பாலத்துக்கு ஒரு கணக்கு, கட்டடத்துக்கு வேறொரு கணக்கு. தரையில் படிந்திருக்கும் அடித்தள ராஃப்ட்களில் மண் அழுத்தம் சீராகப் பரவுவதால் நிலைமை வேறு என்று வாதிடலாம். அமெரிக்க விதியே பல வகை அடித்தளங்களுக்குப் புதிய காரணியிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் மேல்மாடித் தூண்களைத் தாங்கும் தடித்த ஸ்லாப்களுக்கும் நிலத்தடி நிலையங்களின் கூரைகளுக்கும் அந்தச் சமாதானம் பொருந்தாது.

பிற நாடுகள் சோதித்துத் தந்த காரணியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்பது கடைசியாக எழும் நியாயமான கேள்வி. காரணியின் திசையை எடுத்துக்கொள்ளலாம். அளவை எடுத்துக்கொள்ளும்முன் யோசிக்க வேண்டும். பிடிப்பைத் தருவது ஜல்லி என்றால், எந்தக் கல், எந்த உடைப்பு, விரிசல் ஜல்லியைச் சுற்றிப் போகிறதா அதைப் பிளந்துகொண்டு போகிறதா என்பவையெல்லாம் விடையை மாற்றும். தமிழ்நாட்டில் போடுவது கருங்கல் ஜல்லி. ஆற்று மணலுக்குப் பதில் இப்போது பெரும்பாலும் எம்-சாண்ட். உயர்தரக் கான்கிரீட்டில் சிமெண்ட் பசை கல்லுக்கு நிகராக வலுப்பெறும்போது விரிசலின் முகம் வழவழப்பாகிவிடலாம். அப்போது ஜல்லி பெரியதாக இருந்தும் பயனில்லை. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் நல்ல கூடங்கள் இருக்கின்றன. கான்பூரில் எதிர்ச்சுவரும் உண்டு. இவற்றில் ஒன்று, நம் ஜல்லியும் எம்-சாண்டும் கொண்டு, கம்பி விழுக்காட்டை மாற்றாமல், 30 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர், 1.2 மீட்டர், 2.4 மீட்டர் என ரிங் இல்லாத ஸ்லாப் பட்டைகளின் ஒரு வரிசையை வார்க்கலாம். உடைக்கும் நாளுக்கு முன் ஐ.எஸ். 456-ஐ நாள்தோறும் கையாளும் வடிவமைப்பு அலுவலகங்களிடமும் கல்லூரிகளிடமும் கணிப்புகளை எழுதி வாங்கலாம். ஒவ்வொரு பட்டையும் எவ்வளவில் முறிந்தது என்பதை அந்தக் கணிப்புகளோடு சேர்த்தே வெளியிடலாம். விதிக்குழு தன் அட்டவணையில் 30 சென்டிமீட்டருக்கு அப்பால் எழுத வேண்டிய எண்கள் அந்த வரிசையிலிருந்து கிடைக்கும்.